பிச்சையம்மாள் உட்கார்ந்த இடம்

அறுபத்தெட்டாம் வருஷம் வைகாசி மாதம் கல்யாணசுந்தரி பதினோரு மாதப் பயிற்சியை முடித்துக்கொண்டு புதுவயலில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். கையில் தகரப் பெட்டி, கக்கத்தில் சுருட்டி வைத்த படங்கள். பல் தேய்க்கிற பிள்ளை, குளிக்கிற பிள்ளை, பூனை, மாடு எல்லாம் அவளே வரைந்தவை. மாடு மட்டும் கொஞ்சம் கழுதைச் சாயலில் இருந்தது. எங்கள் ஊருக்கு வருகிற யாரையும் முதலில் எதிர்கொள்வது அவித்த நெல்லின் வாடைதான். பழக்கமில்லாதவர்களுக்கு அது குமட்டும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எதிரே வந்தவரிடம் பால்வாடி எங்கே என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. புதுவயலில் பால்வாடி திறக்கப்போகிற விஷயம் அன்றைக்கு அவளைத் தவிர யாருக்குமே தெரியாது.

மில்காரர் ஒருவர் ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கியை ஒன்றியத்துக்கு விட்டுக்கொடுத்திருந்தார். நீளமான ஒரே கூடம். வரிசையாக மூன்று மரத்தூண்கள், கடைசியில் வாசல். சுவரெல்லாம் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. பின்புறம் தட்டி அடைத்த ஓர் அறை அவளுக்கு. ஒரு ஸ்டவ்வும் பாயும் குடமும் வாங்கினாள். பெரிய தலையணை ஒன்றும் சின்னத் தலையணை ஒன்றும் வாங்கினாள். சின்னது அவள் மகள் சீதாலட்சுமிக்கு. இந்த வேலைக்கு அவள் வந்ததே மகளைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொள்ளத்தான்.

சீதாலட்சுமிக்கு ஒன்றரை வயதாக இருந்தபோது, அவள் அப்பா காளிதாஸ் வலையபட்டியில் ஒரு வீட்டு மாடிக்கு விட்டம் ஏற்றுகையில் சாரம் சரிந்து விழுந்து இறந்துபோனான். நல்ல தச்சன். வீடு என்று ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. கல்யாணசுந்தரி எட்டாவது வரை படித்தவள் என்று கேள்விப்பட்டு, ஒன்றியத்தில் ஒரு அம்மாள் அவளைப் பாலசேவிகைப் பயிற்சிக்கு மனுப் போட வைத்தார். இடம் கிடைத்தது. ஆனால் பிள்ளையைக் கூட்டி வரக்கூடாது என்பது அங்கே சட்டம். பிள்ளை வளர்ப்பைக் கற்றுக்கொள்ள, பெற்ற பிள்ளையை விட்டுவிட்டுப் போக வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருப்பார். யோசித்துப் போட்டவராக இருந்திருக்க மாட்டார்.

மானகிரியில் காளிதாஸின் அண்ணன் மீனாட்சிசுந்தரம் ஆசாரி இருந்தார். அவர் மனைவி பிச்சையம்மாளுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம். பிள்ளை இல்லை. அவள் மடியில் சீதாலட்சுமியைப் போட்டுவிட்டுத்தான் கல்யாணசுந்தரி பயிற்சிக்குப் போனாள். தீபாவளிக்கு ஒரு தடவையும் பொங்கலுக்கு ஒரு தடவையும் வந்து பார்த்தாள்.

அறையைக் கூட்டி மெழுகி முடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மகளை அழைத்துவர மானகிரிக்குப் போனாள். சீதாலட்சுமி முற்றத்தில் மரச்சிராய்களைக் குவித்து விளையாடிக்கொண்டிருந்தாள். மூன்று வயது. அப்பாவின் நெற்றி. கல்யாணசுந்தரி கையை நீட்டியதும் எழுந்து ஓடிப் பிச்சையம்மாளின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"யாரு வந்திருக்கான்னு பாரு. உன் அம்மாடி," என்றாள் பிச்சையம்மாள்.

"நீதான் அம்மா," என்று சேலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பிச்சையம்மாளின் முகம் ஒரு கணம் மலர்ந்தது, உடனே கறுத்தது. இரண்டையும் கல்யாணசுந்தரி பார்த்துவிட்டாள்.

"நான் சொல்லிக் குடுக்கலை சுந்தரி. பெரியம்மான்னுதான் சொல்லச் சொன்னேன். தெருப் பிள்ளைக அம்மா அம்மாங்கவும் இதுவும் பிடிச்சுக்கிருச்சு. சாமி சத்தியமாச் சொல்றேன்."

"அதுக்கென்னக்கா. பிள்ளைக்கு என்ன தெரியும்."

தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள். தூக்கியும் விட்டாள். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு மூச்சு முட்ட அழுதது. வாசலில் கதவுச் சட்டம் செதுக்கிக்கொண்டிருந்த மீனாட்சிசுந்தரம் உளியை வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"இறக்கி விட்டுரு தாயி. கொஞ்ச நாள் வந்து வந்து போ. மொகம் பழகட்டும். உன் பிள்ளைய இங்க யாரு இல்லைங்கிறா?"

யாரும் இல்லை என்று சொல்லவில்லை, அதுதான் தொல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பிச்சையம்மாள் உளுந்தும் கருப்பட்டியும் நெய்யும் போட்டுக் கும்மாயம் கிண்டி, சூடாக ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொடுத்தாள். அதிலிருந்தே பிள்ளைக்கும் உருட்டி உருட்டி ஊட்டினாள். கல்யாணசுந்தரி தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டுத் தனியாகக் கிளம்பினாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனாள். நான்காவது வாரம் அவள் தெருமுனையில் வரும்போதே சீதாலட்சுமி உள்ளே பார்த்துச் சத்தம் போட்டாள். "அம்மா, டீச்சர் வந்துட்டாக!" அக்கம்பக்கத்தார் அவளைச் சொல்வது அப்படித்தான். பிள்ளையும் கேட்டதைச் சொல்கிறது.

இங்கே புதுவயலில் பால்வாடிக்குப் பிள்ளைகளே இல்லை. பயிற்சியில் வகுப்பெடுத்த அம்மா ஒரு மாதம் முழுக்க வீடு தேடிப் போவதைப் பற்றியேதான் பேசியிருந்தாள். பிள்ளையை மட்டும் பார்த்தால் போதாது, அதன் வீட்டையும் பார்க்க வேண்டும். வீட்டுக்குப் போனால் நோட்டை வெளியே எடுக்காதே. முதல் நாள் ஒன்றும் கேட்காதே. அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீயும் தரையில் உட்கார். கொடுத்ததைக் குடி. கல்யாணசுந்தரி இதையெல்லாம் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். காலை பத்து மணிக்கு வெளுத்த சேலை கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வீடுகள் பூட்டிக் கிடந்தன. மில் வேலைக்குப் போகிற பொம்பளைகள் விடிவதற்கு முன்பே கிளம்பி விடுவார்கள் என்று எந்த நோட்டிலும் எழுதியிருக்கவில்லை. ஒரு வாரம் பூட்டுகளைப் பார்த்துவிட்டு, எட்டாம் நாள் அவளே களத்துக்குப் போனாள்.

மில் களம் என்றால் இரண்டு ஏக்கருக்குச் சிமெண்டுத் தரை. அவித்த நெல்லைக் கொட்டிப் பரப்பி, பெண்கள் வரிசையாகக் காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிவிடுவார்கள். மேல் நெல் கீழே போகும், கீழ் நெல் மேலே வரும். உச்சி வெயிலில் அந்தத் தரை தோசைக்கல்தான். பிள்ளைகளைப் பாய்லர் கொட்டகை நிழலில் விட்டிருப்பார்கள். பக்கத்திலேயே உமிச்சாம்பல் குவிந்து கிடக்கும். மேலே கறுப்பாக ஆறிக் கிடந்தாலும் உள்ளே நெருப்பு இருக்கும்.

"என்ன டீச்சரு, நெல்லு காயப் போட வந்தீகளா, எங்களக் காயப் போட வந்தீகளா?" என்று கேட்டாள் அக்கம்மாள். களத்தில் அவள் வாய்க்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

கல்யாணசுந்தரி செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் இறங்கினாள். நாலு எட்டு நடப்பதற்குள் உள்ளங்கால் வெந்தது. பொம்பளைகள் சிரித்தார்கள். அவள் நிற்கவில்லை. பரப்பியிருந்த நெல்லில் ஒரு பகுதி முழுவதையும் அவர்களோடு கிளறி முடித்தாள். நிழலுக்கு வந்ததும் அக்கம்மாள் தூக்குவாளி மூடியில் கம்பங்கூழ் ஊற்றி நீட்டினாள். ஆசாரி வீட்டில் பிறந்து, அடுத்த வீட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வளர்ந்தவள் கல்யாணசுந்தரி. வாங்கிக் குடித்தாள். புளித்த கூழ் தொண்டையில் நின்று நின்று இறங்கியது.

"உங்களுக்குப் பிள்ளை குட்டி?" என்று கேட்டாள் அக்கம்மாள்.

"ஒரு பொண்ணு."

"எங்குட்டு இருக்கு?"

"மானகிரியில. அவ பெரியம்மா வீட்டுல."

அக்கம்மாள் கூழ் வாளியை மூடினாள். "ஊர்ப் பிள்ளைய எல்லாம் கேட்டு வாரீக. உங்க பிள்ளைய வேற வீட்டுல விட்டிருக்கீக. பெத்த பிள்ளையவே பக்கத்துல வச்சுக்கிறாதவுககிட்ட நாங்க என்னத்த நம்பி விடுறது? சொல்லுங்க. கோவிச்சுக்கிறாதீக."

கோபித்துக்கொள்ளக்கூடச் சக்தி இல்லை. அன்று மாலை தட்டி அறையில் ஸ்டவ் பற்றவைக்காமல், காலுக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேசுவதற்கு ஆளில்லாத வீட்டில் ஸ்டவ் சத்தமாவது துணை. அதுவும் அன்றைக்கு இல்லை.

ஆவணியில் மழை பிடித்துக்கொண்டது. களம் நனைந்து ஐந்தாறு நாள் வேலை நின்றது. அதற்கு முதல் நாள்தான் அக்கம்மாளின் மகன் சோணை சாம்பலில் கால் வைத்துப் பெருவிரலைச் சுட்டுக்கொண்டிருந்தான். வேலையும் இல்லாமல், பையனையும் தூக்கிக்கொண்டு அக்கம்மாள் பால்வாடி வாசலில் வந்து நின்றாள். "இவன் இருக்கமாட்டான் டீச்சரு. என் சேலைய விடமாட்டான்."

கல்யாணசுந்தரி அவளையும் உள்ளே கூப்பிட்டாள். சேலையை விடாத பிள்ளைக்கு வகுப்பெடுத்த அம்மா சொல்லிக்கொடுத்த முறை ஒன்று உண்டு. முதல் நாள் தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார வேண்டும். மறுநாள் அருகில். அதற்கு மறுநாள் கொஞ்சம் தள்ளி. ஒரு நாளைக்கு ஒரு பாய் தூரம் தள்ளித் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்து, பிள்ளை பாட்டுப் பாடுவதிலோ மணலிலோ மெய்மறந்திருக்கும்போது தாய் எழுந்து போக வேண்டும். அக்கம்மாள் ஏழாம் நாள் எழுந்து போனாள். சோணை மணலில் இட்லி சுட்டுக்கொண்டிருந்தான்.

அதைப் பார்த்து நாலு பேர் வந்தார்கள், அவர்களைப் பார்த்து எட்டுப் பேர். புரட்டாசி முடிவதற்குள் இருபத்தாறு பிள்ளைகள். கல்யாணசுந்தரிக்கு மனசில் ஒன்று வேர்விட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பலித்த முறை தன் பிள்ளைக்கு ஏன் பலிக்காது?

அடுத்த ஞாயிறு மானகிரியில் சொன்னாள்.

"அக்கா, பாப்பாவ எங்க பால்வாடியில சேத்துக்கிறலாம். பாட்டு, கதை, எல்லாம் பழகும்."

"நான் இல்லாம அது ஒரு நிமிசம் இருக்காதே."

"அதுக்குத்தான் உங்களையும் வரச் சொல்றேன். காலையில வந்து சாயங்காலம் போயிரலாம்."

இதில் பொய் ஒன்றுமில்லை. முழுவதையும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மானகிரியிலிருந்து காரைக்குடிக்கு ஒரு பஸ், அங்கிருந்து புதுவயலுக்கு ஒரு பஸ். பிச்சையம்மாள் நாலு மணிக்கே எழுந்து புருஷனுக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, பிள்ளைக்குத் தலை சீவிப் பூ வைத்து, ஒன்பதுக்கெல்லாம் வந்துவிடுவாள். முதல் நாள் உள்ளே இருந்த முதல் தூணடியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்தில் மடி இன்னும் பெரிதாகத் தெரிந்ததோ என்னவோ, அரை மணி நேரத்தில் சோணையும் அதில் ஏறிக்கொண்டான். இரண்டாம் நாள் இன்னும் இரண்டு. கோதுமை உப்புமாவைத் துப்புகிற பிள்ளைகளுக்கு அவள் கருப்பட்டித் தூளைக் கொஞ்சம் தூவி ஊட்டினாள். மூக்கைச் சிந்திவிட்டாள், பேன் பார்த்தாள். பயிற்சி எதுவும் இல்லாமல் அவளுக்கு அது வந்தது.

"இம்புட்டு நாளு நான் வீட்டுல ஒத்தையில சுவத்தப் பாத்துக்கிட்டுக் கிடந்தேன் சுந்தரி. நீ கூப்பிட்டதுக்கு உனக்குப் புண்ணியம்," என்றாள் மூன்றாம் நாள்.

கல்யாணசுந்தரி அன்று பாயை இரண்டாம் தூணுக்குத் தள்ளிப் போட்டிருந்தாள். "இங்கிட்டுக் காத்து நல்லா வரும்க்கா," என்று காரணம் சொன்னாள். மறுநாள் இன்னொரு காரணம். நாளாக நாளாகச் சீதாலட்சுமி மடியைவிட்டு இறங்கினாள், மணலுக்குப் போனாள், வட்டத்தில் சேர்ந்து கைதட்டினாள். ஐந்தாம் நாள் கல்யாணசுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்தாள். அந்தக் கை வேர்த்து, பிசுபிசுவென்று, அவ்வளவு சின்னதாக இருந்தது. அன்று மாலை பஸ் போனபிறகு கல்யாணசுந்தரி அந்தக் கையைக் கழுவவே இல்லை. பிச்சையம்மாள் உட்கார்ந்திருந்த இடத்தில் போய், தூணில் சாய்ந்து, பிள்ளை இருந்தால் எப்படி மடியில் வைத்துக்கொள்வது என்று பார்ப்பவள் போலக் காலை மடக்கி இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

எட்டாம் நாள் பாய் வாசலுக்கு வந்துவிட்டது. அக்கம்மாள் சோணையை விட்டுவிட்டுக் களத்துக்குக் கிளம்பினவள், பிச்சையம்மாளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாசலுக்கு வந்துட்டீகளா? அப்பச் சரி, நாளைக்கு நீங்க வீட்டுக்கு. என்னையும் இப்படித்தான் நகட்டி நகட்டி, ஏழாம் நாளு வெளிய அனுப்பிச்சாக நம்ம டீச்சரு. பயலும் அதுக்குப் பெறகு என்னையத் தேடலையே. நல்ல வித்தை கத்து வச்சிருக்காக!"

பாராட்டாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள்.

பிச்சையம்மாள் மூன்று தூண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அப்புறம் தான் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தாள். மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் படுக்க வைத்தாள். எல்லாப் பிள்ளைகளும் தூங்கிய பிறகு, கல்யாணசுந்தரியை வெளியே கூப்பிட்டாள்.

"என்னைய நகட்டுறதுக்குத்தான் கூட்டியாந்தியா?"

"அக்கா..."

"காத்து வருதுன்னே. வெயில் அடிக்குதுன்னே. நான் ரெண்டு பஸ்ஸு மாறி, நீ எனக்கும் ஒரு எடம் குடுத்திருக்கேன்னு நெனச்சு வந்தேன் சுந்தரி. எட்டு நாளும் சந்தோசமா வந்தேன்."

"பிள்ளை அழுகாமப் பிரியணும்னுதான்க்கா. பிடுங்கிக்கிட்டு வர எனக்கு மனசில்லை."

"பிடுங்கிட்டுப் போயிருக்கலாமே! அது உன் பிள்ளை, நான் நெஞ்சில அடிச்சு அழுதிருப்பேன், அம்புட்டுத்தானே. ஊரு பாத்திருக்கும். இப்ப எனக்கு அழுகக்கூட ஒரு காரணம் வைக்கலியே நீ. மடியவிட்டு அதுவா எறங்கிப் போச்சு. நானே சிரிச்சுக்கிட்டு எறக்கி விட்டேன்."

"நான் அதப் பெத்தவக்கா," என்றாள் கல்யாணசுந்தரி. "பதினோரு மாசம் தெனம் ராத்திரி அது பேரச் சொல்லிக்கிட்டுப் படுத்தேன். என்னைய டீச்சர்ங்குது."

"நான் சொல்லிக் குடுக்கலை."

"தெரியும்க்கா."

"அப்ப வச்சுக்க," என்றாள் பிச்சையம்மாள். பாயைச் சுருட்டிச் சுவரில் சாய்த்து வைத்தாள். பிள்ளைக்கு மாற்றுத் துணி வைத்திருந்த பையை ஆணியில் மாட்டினாள். தூங்குகிற பிள்ளையைக் குனிந்து பார்த்தால் போக முடியாது என்று தெரிந்தோ என்னவோ, பார்க்காமலே படியிறங்கி நடந்தாள். வெயிலில் குடைகூட இல்லாமல் அவள் பஸ் நிற்கிற பக்கம் போவதைக் கல்யாணசுந்தரி பார்த்துக்கொண்டு நின்றாள். நினைத்தது நடந்துவிட்டது. சந்தோஷம்தான் எங்கே என்று தெரியவில்லை.

சீதாலட்சுமி எழுந்து ஒரு தடவை வாசலைப் பார்த்தாள். அழவில்லை. முறை பலித்துவிட்டது. மணலில் சோணையோடு உட்கார்ந்துகொண்டாள், பூனைப் பாட்டுக்குப் பூனை மாதிரிக் கத்தினாள்.

நாலரைக்கு மில் சங்கு ஊதியது. முடியெல்லாம் தவிட்டுத் தூசியோடு தாய்மார்கள் வரத் தொடங்கினார்கள். பிள்ளைகள் தங்கள் தங்கள் பையை எடுத்துக்கொண்டு வாசலில் வரிசையாக நின்றன. சீதாலட்சுமியும் எட்டி எட்டி ஆணியிலிருந்த பையை இழுத்து எடுத்து வரிசையில் நின்றாள். ஒவ்வொரு பிள்ளையாகப் போனது. சோணை அக்கம்மாள் இடுப்பில் ஏறிக்கொண்டு போனான். கடைசியில் அவள் ஒருத்திதான் நின்றாள்.

"வா பாப்பா, உள்ள போவம். பின்னாடிதான் நம்ம வீடு இருக்கு. உனக்குச் சின்னத் தலைகாணியெல்லாம் வாங்கி வச்சிருக்கேன்."

"எங்கம்மா வரட்டும் டீச்சர்."

"இன்னைக்கு இங்கயே இருந்துக்கிறலாம்டா."

"இங்க பள்ளிக்கூடம் டீச்சர்," என்றாள் சீதாலட்சுமி. தெரியாதவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்கிற குரல். "சாயங்காலம் வீட்டுக்குப் போகணும்."

கல்யாணசுந்தரி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். அந்த முறையில் என்ன இருந்தது என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அது பிள்ளைகளுக்குத் தாயைப் பிரிந்திருக்கப் பழக்குகிற முறை. சாயங்காலம் தாய் வருவாள் என்கிற நம்பிக்கையில்தான் பிள்ளை பழகுகிறது. தாயை மாற்றுகிற முறையை அங்கே யாரும் சொல்லித்தரவில்லை. பிள்ளை அவளோடு நன்றாகப் பழகிவிட்டது. எல்லாப் பிள்ளைகளையும் போல.

ஐந்தரை ஆயிற்று. பிள்ளை தெருவையே பார்த்துக்கொண்டு, பையை மடியில் வைத்துக் காத்திருந்தது. ஒரு தடவைகூடச் சிணுங்கவில்லை. சிணுங்கியிருந்தால் கல்யாணசுந்தரி வாரி எடுத்து அணைத்திருப்பாள். அந்தப் பொறுமையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. எழுந்து பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

டீக்கடைக்கு எதிரே புளிய மரத்தடியில் பிச்சையம்மாள் உட்கார்ந்திருந்தாள். காரைக்குடிப் பஸ் நாலு போயிருக்கும் அந்த நேரத்துக்கு. எதிலும் அவள் ஏறவில்லை. பால்வாடிப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, கையில் ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சீதாலட்சுமி அவளைப் பார்க்கவில்லை. ரோட்டோரம் நெல் மூட்டை ஏற்றுகிற லாரியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணசுந்தரி நின்றாள். இப்போது திரும்பிவிட்டால் போதும். ஒருத்தரும் பார்க்கவில்லை. கொடுத்தவளே கொடுத்துவிட்டாள். இன்று இரவு அழும், நாளை அழும், ஒரு மாதத்தில் மறந்துபோகும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எதுதான் மறக்காது. மறந்துபோகும் என்பதை அவளைவிடத் தெரிந்தவர் யார்?

அவள் குனிந்து, சாயங்காலம் ஒவ்வொரு பிள்ளைக்கும் செய்கிற மாதிரி மூக்கைத் துடைத்துவிட்டாள். கவுன் பட்டனைப் போட்டாள். பையைத் தோளில் மாட்டினாள். பிள்ளையின் முகவாயைப் பிடித்துப் புளிய மரத்துப் பக்கம் திருப்பினாள்.

"அந்தா பாரு பாப்பா. உங்கம்மா இருக்காக. போ."

சீதாலட்சுமி கையை உருவிக்கொண்டு ஓடினாள். கிட்டங்கிக் கதவைத் திறந்துபோட்டு வந்தது கல்யாணசுந்தரிக்கு நினைவு வந்தது. பஸ் வரும்வரை நிற்காமல் திரும்பி நடந்தாள்.